இடது கைக்கு வந்த பந்துகள்

வாகைமடையில் யார் அடித்த பந்தானாலும் அது பால்வண்ணனின் இடது கைக்கே வந்து சேரும் என்று ஆனது ஓர் ஆனி மாதச் செவ்வாய்க்கிழமையில். மில்லின் முதல் ஷிப்ட் முடிந்து, சங்கு ஊதி, ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கலைந்த பிறகு, பேஸ்பால் டீம் மட்டும் மைதானத்தில் நின்ற நாலரை மணி வெயிலில்.

சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கிரிக்கெட் ஆட, வாகைமடை மட்டும் பேஸ்பால் ஆடியது. இருபது வருஷத்துக்கு முன்னால் மில்லுக்குப் புது மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர் எட்டு மாதம் தங்கி, இட்லிக்கும் கொசுவுக்கும் பழகி, மாலை நேரங்களில் பொழுது போகாமல் ஆட்களைக் கூப்பிட்டு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குப் போகும்போது ஒரு சாக்குப் பந்தையும் நாலு பேட்டையும் விட்டுவிட்டுப் போனதுதான் காரணம். பால்வண்ணன் அந்த டீமில் பதினோரு வருஷமாக இருந்தான். மில்லில் நூல் கோன்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. டீமில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் இறங்க வேண்டிய ஆள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதனால் மற்றவர்கள் அடித்துப் பழகும்போது மைதானத்தின் கடைசியில், வேலங்காட்டு ஓரம் நின்று, வருகிற பந்தைப் பிடிப்பதும், பிடிபடாத பந்தைக் காட்டுக்குள் புகுந்து தேடி எடுத்து வருவதும் அவன் பாடு என்று ஆகியிருந்தது. அவன் முழங்காலுக்குக் கீழே முள் கீறாத இடம் கிடையாது. பேர் மட்டும் பொருத்தம் என்று சிரிப்பார்கள். கரிவலம் கோயில் சாமி பேரை அவன் அப்பா வைக்கப்போக, இவர்கள் பந்துக்கு உண்டான இங்கிலீஷ் பேராக்கி 'பால்' வண்ணன் என்று அழுத்திக் கூப்பிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேட் பிடித்தவன் ஜெபஸ்டின், காளைமாட்டுப் பலம் உள்ளவன். பந்து எறிந்தவர் ஆவுடையப்பன் சார். மில் ஸ்டோரில் கிளார்க், டீமுக்குக் கோச்சும் அவர்தான். ஜெபஸ்டின் அடித்த அடியில் பந்து தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி, வேலங்காட்டைப் பார்த்துப் போய், காட்டு விளிம்புக்கு மேலே ஒரு கணம் நின்று, மேய்ந்துகொண்டிருந்த மாடு தொழுவத்தை நினைத்துக்கொண்ட மாதிரி திரும்பி, அவசரமே இல்லாமல் இறங்கி வந்து, வியர்வை துடைக்கப் பால்வண்ணன் தூக்கியிருந்த இடது கையில் உட்கார்ந்தது. வலிக்கவில்லை. யாரோ ஒருவர் பழுத்த கொய்யாவைக் கையில் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

"நல்ல பிடி!" என்று தூரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

அடுத்த பந்து கிழக்கே சர்ச் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அதற்கடுத்தது நேர் மேலே போய் வந்தது. அன்று அடித்த நாற்பது பந்தும் அவன் கைக்கு வந்தன. ஆவுடையப்பன் சார் சாக்கை உதறிப் பார்த்து, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பந்துகூடத் தொலையவில்லை என்பதைக் கண்டு, "பாம்பு இருக்குத காட்டுக்குள்ள பூருத வேலை மிச்சம்டே பால்வண்ணா" என்றார். அந்த அதிசயத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் அவனுக்கு ரெண்டாம் ஷிப்ட். பேக்கிங் ஹாலில் நின்று கோன் அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதல் பந்து சுவரின் காற்றுத் துவாரம் வழியாக நுழைந்து, அவன் இடது கையில் இருந்த பெட்டியைத் தட்டி விழவைத்துவிட்டு, அந்தக் கையில் அமர்ந்தது. அப்படித்தான் அந்தப் பந்துகளின் இன்னொரு குணம் தெரிய வந்தது. அந்தக் கையில் வேறு எது இருந்தாலும் அவற்றுக்கு ஆகாது. கோன் பெட்டி, செல்போன், சாப்பாட்டுத் தட்டு, ஒருமுறை அவன் தூக்கி வந்த மண்ணெண்ணெய் கேன், எல்லாவற்றையும் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தன. டீக்கடைக்காரர் நாலு கண்ணாடி கிளாஸ் உடைந்த பிறகு அவனுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்தார். சலூன்காரர் மாலை நேரத்தில் அவனுக்குச் சவரம் செய்வதை நிறுத்தினார். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார். மில் மானேஜர் யோசித்து, எங்கே நின்றாலும் பந்து இவனைத் தேடித்தான் வரும் என்றால் இவன் மைதானத்தில் நிற்பதுதான் எல்லோருக்கும் வசதி என்று முடிவெடுத்து, சம்பளத்தில் ஒன்றும் குறைக்காமல் அவனை மைதானத்துக்கே மாற்றிவிட்டார். வெயிலாக இருக்கிறதே என்று பஞ்சாயத்தில் தகரம் போட்டுக் கொடுத்தார்கள். நாற்காலி கொடுத்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடியவர் அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். சர்ச்சில் அவனுக்காக ஜெபம் செய்து, கயிற்றின் மேலேயே எண்ணெய் பூசினார்கள். யாரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஊரே அவனிடம் அவ்வளவு பிரியமாக இருந்தது.

டீம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தவரை பொழுது சாயும்போது அவன் கை ஓய்ந்தது. ஆனால் ஒருநாள் ரேஷன் கடைக்காரர், கடையில் யாரோடோ கடும் வாக்குவாதம் ஆகி, முகமெல்லாம் சிவந்து, மைதானத்துப் பக்கமாக வீட்டுக்கு நடந்தவர், "ஒரு பந்து குடுங்கடே" என்று பேட்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். அது வேலங்காட்டுக்கு மேலே போய்த் திரும்பிப் பால்வண்ணன் கையில் உட்கார்ந்ததைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். அதன் பிறகு டிரான்ஸ்பர் கிடைக்காத டீச்சர் வந்தாள். நிச்சயம் நின்றுபோன மாப்பிள்ளை வந்தான். மகனிடம் அடி வாங்கிய தகப்பன் வந்தான், மறுநாள் அந்த மகனும் வந்தான். எவ்வளவு வெறியோடு அடித்தாலும் எதையும் உடைக்காமல், யார் மண்டையையும் பிளக்காமல், தேடியலைய வைக்காமல் அந்த அடி போய் ஒருவன் கையில் சத்தமில்லாமல் அடங்கிவிடும் என்று தெரிந்தபோது, அடிக்காமல் இருப்பது அந்த ஊருக்குச் சிரமமாகிவிட்டது. ஆடி முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு பேட், பேட் வாங்க முடியாத வீட்டில் ஒரு உலக்கை என்று ஆயிற்று. தோல் பந்து, ரப்பர் பந்து, துணிப்பந்து, காலையில் பல் தேய்க்கும்போதே ஒன்று, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டம். பால்வண்ணன் குளிக்கும்போதும் பந்து வந்தது. ஊர் சண்டையில்லாத ஊர் ஆகி, போலீஸ் ஸ்டேஷன் நாற்காலிகளில் தூசி படிந்தது என்று சொல்வார்கள்.

அவன் மனைவி சண்முகக்கனிக்கு ஆடி பிறக்குமுன்பே வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவம் என்பதால் ஆழ்வார்குறிச்சியில் உள்ள தாய்வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் அவள் கண்ணாடி வளையல்கள் குலுங்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "டோர்னமெண்ட் முடியட்டும், சார் விடலைன்னெல்லாம் சொல்லக் கூடாது. வந்துருவீங்கல்லா?" என்றாள்.

"வராம எங்க போவேன்?" என்றான் பால்வண்ணன். ஒரு பந்து வந்து, அவளுக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த சாத்துக்குடிப் பையைத் தட்டிவிட்டது. பழங்கள் பஸ்ஸுக்கு அடியில் உருண்டன. டிரைவர் காத்திருந்தார். ரெண்டு பழம்தான் எடுக்க முடிந்தது.

அவள் போன மாதம் அவன் போகவில்லை, ஜில்லா போட்டி. அடுத்த மாதமும் போகவில்லை. ஆவணிக் கடைசியில், மதியம் மூணு மணிக்கு, வலி கண்டுவிட்டது என்று மாமியார் போன் செய்தபோது, அவன் தகரத்துக்கு அடியிலிருந்து எழுந்து, யாரிடமும் சொல்லாமல், அப்படியே பஸ் ஏறினான். ஊரை விட்டு ஆறு மைல் போவதற்குள் முதல் பந்து ஜன்னல் வழியாக வந்தது. "எந்தப் பய எறிஞ்சது?" என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். அடுத்தது பின்வாசல் வழியாக, நின்றுகொண்டு வந்தவர்களின் தலைக்கு மேலே வந்தது. அவன் பஸ் ஏறியது தெரியாமல், பந்துகள் மைதானத்துக்குத் திரும்பாததைக் கண்டு, எங்கே போகிறது பார்ப்போம் என்று வாகைமடையில் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தார்கள். பால்வண்ணன் மடியில் பதினொன்று சேர்ந்தன. பன்னிரண்டாவது ஒரு அம்மாவின் கூந்தலை உரசிக்கொண்டு வந்தபோது கண்டக்டர் விசிலடித்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. கைப்புள்ளைக்காரங்கள்லாம் இருக்காங்க" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

அவன் இறங்கி ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றான். அடுத்த பஸ்ஸில் ஏறலாம், அதிலும் கைக்குழந்தைகள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆவுடையப்பன் சார் மொபெட்டில் சாக்கோடு வந்து சேர்ந்தார். திட்டவில்லை. குனிந்து பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

"சொன்னா நிறுத்துவாங்களா சார்?"

சார் அவன் தோளில் கையை வைத்து, "ஏறு" என்றார். அந்தக் கையின் மென்மைக்குத்தான் அவனால் தப்ப முடியவில்லை. இழுத்திருந்தால் உதறியிருப்பான். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, மடியில் சாக்கை வைத்துக்கொண்டு திரும்பி வரும் வழியில்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று போன் வந்தது. ஊரே இனிப்பு கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு பந்தும் அடித்தது.

அதற்குப் பிறகு சண்முகக்கனி அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போனை மாமியார்தான் எடுப்பாள். "தூங்குதா மாப்ள." "குளிக்கா மாப்ள." பின்னால் குழந்தை அழுவது கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே போன் கையிலிருந்து தட்டுப்பட்டுக் கீழே விழும். விழுந்து விழுந்து அதன் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய போட்டோவில் குழந்தையின் முகம் எது, விரிசல் எது என்று தெரியவில்லை. போகலாம்தான், போய்க் குழந்தையைத் தூக்கினால்? இதுவரை அந்தக் கையில் இருந்த எதையும் பந்துகள் விட்டுவைத்ததில்லை. அதை நினைத்து நினைத்து அவன் தகரத்தின் அடியில் உட்கார்ந்து மெலிந்தான். ஊர் அதைக் கவனித்து, அவனுக்குச் சத்துமாவு கொடுத்தது.

நாற்பதாவது நாள் அவன் பஞ்சாயத்தில் போய் நின்றான். "எனக்கு ஒரு நாள் குடுங்க. ஒரே நாள். யாரும் எதையும் அடிக்காம இருங்க. எம் பிள்ளைய நான் தூக்கிட்டு வந்துருதேன்."

கூட்டத்தில் சிலர் அழுதார்கள். இதைக் கேட்கவா இத்தனை தயங்கினாய் என்று கடிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் மறுநாளுக்கும் சேர்த்து அடித்துக்கொண்டார்கள். அவன் கை ஓயவேயில்லை.

ஐப்பசி மாதம். ஞாயிறு காலை தூறலில் பஸ் ஏறினான். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். கொக்கு பறந்தாலும் கையை நீட்டினான். ஒன்றும் வரவில்லை. ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, வாழைத்தோப்பை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து இருக்கும். மாமியார் "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சண்முகக்கனி கட்டிலில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கனி."

"கால கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்து நின்றான்.

"பேரு என்னன்னு கேக்கலையே?"

"பேரு... வச்சாச்சா?"

"முப்பதாம் நாளு வச்சோம். முத்தரசி. எங்க அண்ணன் மடியில வச்சுத்தான் காது குத்துவாங்க, பேரும் அவனே சொல்லட்டும்னு விட்டுட்டோம்." துணியின் முடிச்சைப் போட்டு முடித்தாள். "தூக்குங்க."

"வலது கையில மட்டும்..."

"அது என்ன பொட்டலமா ஒத்தக் கையில வாங்குததுக்கு? இன்னைக்கு யாரும் அடிக்க மாட்டாங்கன்னு அம்மாட்ட போன்ல சொன்னீங்கல்லா?"

"சொன்னேன்."

"பெறகு என்ன?"

அவன் ரெண்டு கையையும் நீட்டினான். அவள் குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். கழுத்துக்கு இடது உள்ளங்கை, முதுகுக்கு வலது கை. குழந்தை அவனைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. கோன் பெட்டியைவிட, பந்துச் சாக்கைவிட, இதுவரை அவன் சுமந்த எதைவிடவும் அது லேசாகவும் பயமாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பந்தின் தையல் காற்றை அறுத்துக்கொண்டு வரும் சத்தம். மற்றவர் காதில் விழாது, அவனுக்குத் தூக்கத்திலும் கேட்கும். அவன் அப்படியே முட்டி போட்டு, குழந்தையின் மேல் கவிழ்ந்து, முதுகைக் காட்டினான். பந்து வாசல் வழியாக வந்து, திரும்பி, அவனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, அவன் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில், அந்தரத்தில் நின்றது. தட்டவில்லை. மெதுவாகச் சுழன்றுகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி, காத்திருந்தது.

"வந்துட்டா?" என்றாள் சண்முகக்கனி.

"வந்துட்டு."

"அசையாம இருங்க."

குழந்தையை வாங்க அவள் கை நீட்டியபோது பந்து அரைச்சாண் நெருங்கியது. கையை இழுத்துக்கொண்டதும் பழைய இடத்துக்குப் போனது. மாமியார் வாங்கப் பார்த்தாள், அப்போதும் அப்படியே. ஒரு பந்துதானே, கையில் வாங்கிவிடலாம் என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ரெண்டாவது வந்தது. பிறகு நாலு சேர்ந்தாற்போல வந்தன. வாகைமடையில் யாரோ ஒருவர் அடித்துவிட்டார், அந்தச் சத்தம் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஊரின் காதில் விழுந்துவிட்டது. மதியத்துக்குள் அறுபத்தோரு பந்துகள் அந்தச் சின்ன அறைக்குள், அவனையும் குழந்தையையும் சுற்றி, பாத்திகட்டி நிறுத்தினது போல மிதந்தன. அவன் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. யாராவது குழந்தைக்குக் கை நீட்டினால் அறுபத்தொன்றும் நெருங்கின. குழந்தை அவன் கையில் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. இறக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

குழந்தை பசித்து அழுதது. சண்முகக்கனி பந்துகளுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, அவனை ஒட்டி உட்கார்ந்து, அவன் இடது கை குழந்தையின் தலைக்குக் கீழேயே இருக்க, அப்படியே பால் கொடுத்தாள். மூணு மாதத்துக்குப் பிறகு அவள் தோள் அவன் தோளில் பட்டது. குழந்தை குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை மரத்துப் போச்சா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"மரத்துட்டு."

அவள் தன் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். பந்துகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மழை நின்றபாடில்லை, கொடியில் போட்ட குழந்தைத் துணி காயவில்லை. மாமியார் ரெண்டு மூணு தடவை பார்த்துவிட்டு, ஈரத் துணிகளை எடுத்துவந்து, ஆளுயரத்தில் மிதந்த பந்துகளின் மேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள்.

நாலு மணிக்கு ஆவுடையப்பன் சார் வந்தார். மொபெட்டிலேயே நனைந்து வந்திருந்தார். கையில் சாக்கு. ஊரில் ஒரு பந்துகூட மிச்சமில்லை என்றார். வாசலிலேயே நின்றார்.

"யாரு சார் முதல்ல அடிச்சது?" என்று கேட்டான் பால்வண்ணன்.

சார் சாக்கைச் சுருட்டினார், விரித்தார். "நாந்தான்."

"பதினாலு வருசம் எறிஞ்சிருக்கேன். ஒண்ணுகூட நான் அடிச்சதில்ல, பால்வண்ணா. இன்னைக்கு ஊரே சத்தமில்லாமக் கெடந்துது. வீட்டுல நான் மட்டும். எம் மக கோயம்புத்தூர்ல இருக்கா, நாலு வருசமாப் போன் எடுக்கமாட்டக்கா. காலையில பண்ணினேன், எடுக்கல. மைதானத்துக்குப் போனேன். ஒண்ணே ஒண்ணுதானன்னு... நீ பிள்ளைய வச்சிருப்பன்னு அந்த நேரம் தோணல. சத்தியமாத் தோணல."

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் சண்முகக்கனி.

"எதம்மா?"

"உங்க பந்த. நீங்கதான அடிச்சீங்க? நீங்களே எடுங்க."

அவர் விழித்தார். இத்தனை மாதத்தில், வருகிற பந்தை வேறொருவர் எடுக்கலாம் என்று வாகைமடையில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தோன்றத் தேவை இருக்கவில்லை. அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, பந்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு பந்தின் முன்னால் நின்றார். எப்படித் தெரிந்தது என்று பின்னால் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைப் போட்டு இழுத்தார். செடியிலிருந்து கத்தரிக்காய் வருவது போல, சின்ன முரண்டு பிடித்து, அது வந்தது. வந்த வேகத்தில் அவர் கை தரைவரை தாழ்ந்தது. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கனம்," என்றார். "என்ன கனம்டே."

அன்று போகும்போது சாக்கில் அந்த ஒரு பந்துதான் இருந்தது. மற்றதைத் தொட்டுப் பார்த்தார், அசையவில்லை. மொபெட் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது.

அன்றிரவு அவனும் அவளும் மாறி மாறிக் கண் அயர்ந்தார்கள், குழந்தை மட்டும் அவன் கையை விட்டு இறங்கவில்லை. திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் வாகைமடை ஆட்கள் வந்தார்கள். டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்தாள். நிச்சயம் நின்ற மாப்பிள்ளை குடை இல்லாமல் வந்தான். வாய்க்கால் வரைக்கும் வரிசை நின்றது. அவரவர் பந்து அவரவருக்குத் தெரிந்தது. எடுத்ததும் சிலர் அழுதார்கள், சிலர் வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள், தகப்பனும் மகனும் ஒரே நேரத்தில் எடுத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திண்டாடி நின்றார்கள். மாமியார் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஜெபஸ்டினுக்கு ஒன்பது பந்துகள். ஏழாவதுக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, தெனமும் இதையா நீங்க வாங்குனீங்க? இம்புட்டுக் கனமாவா இருந்துச்சு?"

"எனக்கு ஒருநாளும் கனக்கலடே" என்றான் பால்வண்ணன். சொன்ன பிறகு, இத்தனை நாள் தன்னைத் தின்றது எது என்று அவனுக்கே புரிந்த மாதிரி இருந்தது. வலித்திருந்தால் என்றைக்கோ கையை இழுத்திருப்பான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரேஷன் கடைக்காரர் கடைசியாக வந்து கடைசிப் பந்தை எடுத்துக்கொண்டு போனார். அறை வெறுமையாயிற்று. சண்முகக்கனி குழந்தையை வாங்கிக்கொண்டாள். பால்வண்ணனின் கைகள் குழந்தையை ஏந்திய வடிவத்திலேயே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவன் இடது கையை மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தால், காத்திருந்தான். பொழுது சாயும்வரை காத்திருந்தான்.

வியாழக்கிழமை மழை நின்று வானம் வெறித்தது. ஜெபஸ்டின் பழக்கத்தில் தூக்கிக்கொண்டு வந்த பேட்டை வாசலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவனுடைய ஒன்பதில், தூக்க மாட்டாமல் விட்டுப்போன ரெண்டு பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தன. சண்முகக்கனி குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பேட்டையும் பந்துகளையும் எடுத்துப் பின்கட்டுக்கு வந்தாள். அங்கே பால்வண்ணன் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தான்.

"அங்க போய் நில்லுங்க."

"கனி..."

"எல்லாரும் அடிச்சாங்கல்லா? நான் அடிக்க வேண்டாமா?"

"பச்ச உடம்புக்காரி, உள்ள வாட்டி!" என்று அம்மா கத்தினாள். அவள் கேட்கவில்லை. பால்வண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றைத் தாண்டிப் போய் நின்றான். அவள் பந்தைத் தூக்கிப் போட்டு வீசினாள், படவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை பட்டது. வளைகாப்பு முடிந்து பஸ் ஏறின நாளிலிருந்து அவளுக்குள் இருந்ததெல்லாம் சேர்ந்து பட்டது. பந்து எங்கேயும் சுற்றவில்லை, யோசிக்கவில்லை, நேராக அவன் நெஞ்சைப் பார்த்து வந்தது. அவன் இடது கையைக் குறுக்கே கொடுத்தான். சுளீர் என்று அடித்து, விரல் நுனிவரை எரிந்தது. விடவில்லை.

"வலிக்கா?"

"வலிக்கு."

"எம்புட்டு?"

அவன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். நடுவில் சிவந்து, தையலின் அச்சு பதிந்திருந்தது. அவள் தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நில்லுங்க. இன்னொண்ணு இருக்கு."

ரெண்டாவது பந்து அவன் தலைக்கு மேலே போயிற்று. கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டி, வாழைத்தோப்புக்குள் இலைகளைப் படபடவென்று கிழித்துக்கொண்டு இறங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். அவளும் பேட்டைத் தாழ்த்திக்கொண்டு பார்த்தாள். இலைகளிலிருந்து மழைநீர் சொட்டி நின்றது. வேறு எதுவும் அசையவில்லை. பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"போய்த் தேடுங்க" என்றாள் சண்முகக்கனி. அவன் வேலியைத் தாண்டும்போது அவளுக்கே பொறுக்காமல், பேட்டைக் கீழே போட்டுவிட்டு, சேற்றில் கால் வழுக்க, "அந்தப் பக்கம் இல்ல, மூணாவது வாழைக்கு இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் போனாள்.